வயது, வருமானம், வெயில்: மூன்றையும் ஒரே கணக்கில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உலக மக்களின் உடல்நலம் பற்றிய செய்திகள் எந்த நாளிதழிலும் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. மக்கள்தொகைச் செய்தி உலகப் பக்கத்தில் வருகிறது. வருமானமும் வறுமையும் வணிகப் பக்கத்துக்குப் போய்விடுகின்றன. வெப்ப அலைக்கும் வெள்ளத்துக்கும் வானிலைப் பெட்டி. ஆனால் வெயில் தாங்காமல் ஒரு முதியவர் தன் அறைக்குள் சுருண்டு விழும்போது, அவருடைய வயது, கையிருப்பு, அன்றைய வெப்பம் மூன்றும் ஒரே உடம்பில்தான் வந்து சேர்கின்றன. அப்படிச் சேரும்போது அவை கூட்டல் கணக்கில் சேர்வதில்லை, பெருக்கல் கணக்கில் சேர்கின்றன. இதை வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லவே இந்தக் கடிதம்.

பெருக்கல் என்று சொல்வதற்கு ஓர் ஆதாரம் தருகிறேன். ‘லான்செட்’ மருத்துவ இதழின் காலநிலை, சுகாதாரக் கண்காணிப்புக் குழு 2023-ல் ஒரு கணக்கை வெளியிட்டது. 1991-2000 காலத்தோடு ஒப்பிட்டால், 2013-2022 காலத்தில் 65 வயதைக் கடந்தவர்களின் வெப்பச் சாவுகள் 85 சதவீதம் கூடியிருந்தன. வெப்பநிலை துளியும் மாறாமல் இருந்து, முதியவர்களின் தொகை மட்டும் கூடியிருந்தால் அந்த உயர்வு 38 சதவீதத்தோடு நின்றிருக்கும். 1.85-ஐ 1.38-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.34 வருகிறது. அதாவது, பெருகிவிட்ட முதியோர் கூட்டத்தின் மேல் வெப்பம் இன்னும் மூன்றில் ஒரு பங்கை ஏற்றியிருக்கிறது. காலநிலைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பவரும் பாதி உண்மையைத்தான் சொல்கிறார். வயதானவர்கள் கூடிவிட்டார்கள், அவ்வளவுதான் என்பவரும் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்.

முதலில் மக்கள்தொகையை எடுத்துக்கொள்வோம். 2022 நவம்பர் 15 அன்று உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டதாக ஐ.நா. அறிவித்தது. அந்தச் செய்தி வந்த இடமெல்லாம் ‘வெடிப்பு’ என்ற சொல் கூடவே வந்தது. உண்மை நிலவரம் வேறு. 1960-களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 5 குழந்தைகள் பிறந்தன. இன்று அது 2.3-க்கும் கீழே வந்துவிட்டது. ஐ.நா.வின் 2024-ஆம் ஆண்டு கணிப்புப்படி மக்கள்தொகை 2080-களின் நடுவில் சுமார் 1,030 கோடியில் உச்சம் தொட்டு, பிறகு மெல்ல இறங்கும். இதற்கிடையில் 5 வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை, 1990-ல் ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சத்துக்கு மேல் இருந்தது, 2022-ல் 49 லட்சமாகக் குறைந்தது. குழந்தைகள் பிழைக்கிறார்கள், பெரியவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள். ஆகவே இப்போதைய பெருக்கத்தில் ஒரு பகுதி, சாகாமல் இருப்பவர்களால் வருகிறது. இது கவலைக்குரிய செய்தியே அல்ல. கவலை, அவர்கள் எந்த வயதில், எந்த ஊரில், எவ்வளவு பணத்தோடு இருக்கிறார்கள் என்பதில்தான் தொடங்குகிறது.

வயதை விட்டுவிட்டு இறப்பு விகிதங்களை அச்சிடுவது எவ்வளவு தப்பான முடிவுக்குக் கொண்டுபோகும் என்று பாருங்கள். ஜப்பானில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 13 பேர் இறக்கிறார்கள். கத்தாரில் 1 சொச்சம். இதைப் படிக்கும் வாசகர் ஜப்பானியர்கள் நோயாளிகள் என்று நினைத்தால் அது அவர் குற்றமல்ல. ஜப்பானில் 100 பேரில் 29 பேர் 65-ஐத் தாண்டியவர்கள். கத்தாரிலோ வேலைக்கு வந்த இளைஞர்களே பெரும்பான்மை.

ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். தலா 1 லட்சம் பேர் உள்ள இரண்டு நாடுகள். இளைய நாட்டில் 60-க்குக் கீழே 90,000 பேர். அவர்களில் ஆயிரத்துக்கு 3 பேர் சாகிறார்கள், ஆக 270. 60-க்கு மேலே 10,000 பேர். ஆயிரத்துக்கு 50, ஆக 500. மொத்தம் 770, ஆயிரத்துக்கு 7.7. முதிய நாட்டில் 60-க்குக் கீழே 65,000 பேர். ஆயிரத்துக்கு 2, ஆக 130. மேலே 35,000 பேர். ஆயிரத்துக்கு 40, ஆக 1,400. மொத்தம் 1,530, ஆயிரத்துக்கு 15.3. இரண்டு வயதுப் பிரிவிலும் முதிய நாட்டில்தான் சாவு விகிதம் குறைவு. ஆனால் மொத்த விகிதம் அதை இரண்டு மடங்கு மோசமாகக் காட்டுகிறது. முதிய நாட்டின் விகிதங்களை இளைய நாட்டின் வயது அமைப்பில் பொருத்திப் பாருங்கள்: 180-ம் 400-ம் சேர்ந்து 580, ஆயிரத்துக்கு 5.8. ஒப்பிட வேண்டியது 5.8-ஐயும் 7.7-ஐயும்தான். இதைத்தான் வயதுச் சீரமைப்பு என்கிறோம். காகிதமும் பேனாவும் போதும், பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் நாட்டுக்கு நாடு புற்றுநோயையும் மாரடைப்பையும் ஒப்பிடும் பட்டியல்கள் இன்றும் வந்துகொண்டே இருக்கின்றன.

இனி வயதோடு பணத்தைச் சேர்த்துப் பார்ப்போம். மக்கள்தொகையில் 65 வயதைக் கடந்தவர்கள் 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக உயர பிரான்சுக்கு 115 ஆண்டுகள் பிடித்தன. ஜப்பான் அதை 1970-லிருந்து 1994-க்குள், 24 ஆண்டுகளில் கடந்தது. தென் கொரியா 2000-லிருந்து 2018-க்குள், 18 ஆண்டுகளில். பிரான்சுக்கு ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, குழாய்த் தண்ணீர், நர்சிங் கல்லூரி எல்லாவற்றையும் கட்டி முடிக்க நான்கு தலைமுறைகள் கிடைத்தன. இன்று வேகமாக மூப்படையும் நாடுகள் பலவற்றுக்கு ஒரு தலைமுறைதான் கிடைக்கிறது. கொரியாவும் ஜப்பானும் அதற்குள் பணக்கார நாடுகளாகிவிட்டன. மற்றவை பணம் சேர்வதற்கு முன்பே முதுமையடைகின்றன.

இதில் இன்னொரு கொடுமையும் சேர்கிறது. மூப்படைந்த பணக்கார நாடுகளுக்கு நர்ஸ்கள் வேண்டும். அவர்களை இளமையான ஏழை நாடுகளிலிருந்து அழைத்துக்கொள்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே இதற்கு ஒரு நடத்தை நெறியை வகுத்தது. 2023-ல் 55 நாடுகளைப் பட்டியலிட்டு, அங்கிருந்து முனைந்து ஆள் எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. ஆனால் அது வேண்டுகோள்தான், சட்டம் இல்லை. ஓர் ஏழை நாடு தன் செலவில் மூன்று நான்கு ஆண்டுகள் பயிற்றுவித்த நர்ஸ் விமானம் ஏறும்போது, பயிற்சிச் செலவும் கூடவே ஏறிப்போகிறது. இதைத் திறமையின் பயணம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது நியாயமில்லை.

வருமானம் கூடினால் ஆயுள் கூடும் என்பது பொதுவாக உண்மை. ஆனால் எவ்வளவு கூடும்? சாமுவேல் பிரெஸ்டன் என்ற மக்கள்தொகை அறிஞர் 1975-ல் நாடுகளின் தலா வருமானத்தையும் சராசரி ஆயுளையும் ஒரே வரைபடத்தில் குறித்தார். ஏழை நாடுகளின் பக்கம் கோடு செங்குத்தாக ஏறியது. பணக்கார நாடுகளின் பக்கம் படுத்துவிட்டது. அதைவிட முக்கியமாக, பத்தாண்டுகள் போகப்போகக் கோடு முழுவதுமே மேலே நகர்ந்திருந்தது. முன்பு இருந்த அதே வருமானத்தில் மக்கள் கூடுதல் ஆண்டுகள் வாழ்ந்தார்கள். தடுப்பூசி, கொசு ஒழிப்பு, தூய நீர், கைகழுவும் பழக்கம் போன்றவை பணத்தைச் சாராமலே பரவியதுதான் காரணம். இன்றைக்கும் கோஸ்டா ரிகாவின் தலா வருமானம் அமெரிக்காவினுடையதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. சராசரி ஆயுள் அமெரிக்காவை விட அதிகம். அமெரிக்கா தன் மொத்த உற்பத்தியில் சுமார் 17 சதவீதத்தை மருத்துவத்துக்குச் செலவழிக்கிறது. பணத்தின் அளவை மட்டும் பார்த்தால் இது புரியாது. அந்தப் பணம் எதுவாக மாறியது என்று பார்க்க வேண்டும்.

இதற்கு வங்கதேசத்தை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. 1970 நவம்பரில் அங்கே வீசிய போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் மாண்டார்கள். 1991 புயலில் சுமார் 1,38,000 பேர். 2007-ல் சித்ர் புயலில் 3,400-ஐ ஒட்டி. 2020-ல் ஆம்பன் வந்தபோது அந்நாட்டில் இறந்தவர்கள் சில பத்துப் பேர். இந்த ஐம்பது ஆண்டுகளில் கடற்கரை மக்கள்தொகை குறையவில்லை. புயலும் பலம் குறையவில்லை. 1972-ல் தொடங்கிய புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தின் 70,000-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் ஒலிபெருக்கியும் கொடியுமாக வீடு வீடாகப் போகிறார்கள். உயரமான தூண்கள் மேல் புகலிடங்கள் எழும்பின. 1991-ல் இறந்தவர்களில் பெண்களே மிக அதிகம். ஆண்களோடு ஒரே கூடத்தில் இரவு தங்கத் தயங்கியது ஒரு காரணம். ஆடு மாடுகளை விட்டுவிட்டு வர மனமில்லாதது இன்னொன்று. அதற்குப் பிறகு பெண்களுக்குத் தனி அறை, கழிப்பறை, கால்நடைகளுக்கு மேட்டு நிலம் என்று சேர்த்தார்கள். புகலிடம் கட்டினோம், மக்கள் வரவில்லை என்று புலம்பும் அரசுகள் இந்த விவரத்தைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். மக்கள் வராததற்குக் காரணம் பல நேரங்களில் கட்டடத்திலேயே இருக்கிறது.

எதிர்ப்பக்கத்தில் 2003 ஆகஸ்ட், பிரான்ஸ். உலகின் பணக்கார நாடுகளில் ஒன்று, மருத்துவத்துக்குப் பேர்போனது. சில நாள் வெப்ப அலையில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். ஐரோப்பா முழுவதும் அந்தக் கோடையில் 70,000-க்கு மேல். இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், பலர் தனியாக வசித்தவர்கள். அது விடுமுறைக் காலம், பிள்ளைகளும் ஊரில் இல்லை, மருத்துவமனைகளிலும் ஆட்கள் குறைவு. அடுத்த ஆண்டே பிரான்ஸ் ஒரு வெப்பத் திட்டம் கொண்டுவந்தது. தனியாக வாழும் முதியோர், மாற்றுத்திறனாளிகள் பெயர்களை நகராட்சி பதிவேட்டில் வைத்து, எச்சரிக்கை நாளில் ஒவ்வொருவரையும் தொடர்புகொண்டு விசாரிப்பது அதன் உயிர்நாடி. அதற்கு ஒரு தொலைபேசியும் சரியான பட்டியலும் போதும்.

வெப்பத்தைப் பற்றி எழுதும்போது தங்கள் இதழ் உள்பட எல்லோரும் அன்றைய உச்ச வெப்பநிலையைப் பெரிய எழுத்தில் போடுகிறோம். உடம்புக்கு அந்த எண் மட்டும் போதாது. நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாகிவிட்டால், உள்ளே சேரும் வெப்பத்தை வெளியேற்ற வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டும். சொட்டும் வியர்வையால் உடம்பு குளிராது, நீரும் உப்பும்தான் வீணாகும். எனவே ஈரக்குமிழ் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும்: வெப்பமானியின் குமிழில் நனைந்த துணியைச் சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்தால் அது காட்டும் அளவு. 40 டிகிரி வெயில், 20 சதவீத ஈரப்பதம் உள்ள நாளில் இது சுமார் 23. வெறும் 34 டிகிரி, ஆனால் 80 சதவீத ஈரப்பதம் உள்ள நாளில் சுமார் 31. செய்தியில் முதல் நாள்தான் தலைப்பாகும். உடம்புக்கு ஆபத்து இரண்டாம் நாளில். ஈரக்குமிழ் 35-ஐ எட்டினால் மனித உடல் தாங்காது என்று 2010-ல் கணித்தார்கள். பிறகு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் செய்த சோதனைகளில், ஈரமான சூழலில் சுமார் 31-லேயே உடலின் உள் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்கியது. முதியவர்களுக்கு எல்லை இன்னும் கீழே. அவர்களுக்கு வியர்வை குறைவு, தாக உணர்வும் மந்தம். இரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிடும் நீர் பிரியும் மாத்திரையும், சில மனநல மருந்துகளும் நிலைமையைக் கடினமாக்கும். அதற்காக மாத்திரையைத் தானே நிறுத்திவிடக் கூடாது; கோடைக்கு முன்பே மருத்துவரிடம் அளவைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

மின்விசிறியைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அறைக் காற்று 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் விசிறி சூடான காற்றையே உடம்பின் மேல் அடிக்கும். அப்போது உடம்பையும் ஆடையையும் தண்ணீரால் நனைக்காமல் விசிறி மட்டும் போட்டுக்கொண்டால் கேடுதான். ஒருவர் குழம்பிப் பேசினாலோ, நினைவு தப்பினாலோ, உடல் வெப்பம் 40-ஐத் தாண்டினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக் எனும் வெப்பத்தாக்கு. ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்கக் கூடாது. நிழலுக்குக் கொண்டுபோய், தொட்டியில் குளிர்ந்த நீர் இருந்தால் தலை நீருக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு அமிழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு முழுவதும் நீர் ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வைக்கலாம். அரை மணி நேரத்துக்குள் 39-க்குக் கீழே கொண்டுவருவது இலக்கு. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். பாராசிட்டமால் கொடுப்பதில் பயனில்லை. காய்ச்சலில் மூளையே உடல் வெப்பத்தின் அளவை உயர்த்தி வைக்கிறது, மருந்து அந்த அளவைத் திரும்ப இறக்குகிறது. வெப்பத்தாக்கில் மூளை எதையும் உயர்த்தவில்லை, வெளிவெப்பம் தடுப்பை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது.

வயதானவர்கள் மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். எல் சால்வடார், நிகரகுவா கரும்புத் தோட்டங்களில் நடுவயதைக்கூடத் தொடாத ஆண்கள் சிறுநீரகம் செயலிழந்து இறப்பது பல ஆண்டுகளாக நடக்கிறது. சர்க்கரை நோயும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை. நீர் வற்றிய உடம்போடு வெயிலில் நாள் முழுதும் கடும் உழைப்பு என்பதே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. வெட்டிய எடைக்குக் கூலி என்றால் யாரும் நிழலில் உட்கார மாட்டார்கள். அங்கே வெப்பத்தை நோயாக மாற்றுவது கூலி முறைதான். தொழிலிடப் பாதுகாப்புப் பரிந்துரைகள் தெளிவாகவே இருக்கின்றன: வெயில் வேலைக்குப் புதிதாக வருபவருக்கு முதல் நாள் முழு வேலையில் 20 சதவீதம், பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டலாம். 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 240 மில்லி அளவு நீர்; மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம், இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். பருவத்தின் முதல் வெப்ப அலை அதிகம் கொல்வதும் அதனால்தான்.

வெப்பச் சாவுகளை எண்ணுவதிலும் பெரிய ஓட்டை இருக்கிறது. மரணச் சான்றிதழில் மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு என்று எழுதப்படும். வெப்பம் என்று எழுதப்படுவது அபூர்வம். எனவே காரணத்தைப் பார்க்காமல் மொத்த இறப்பை எண்ண வேண்டும். அகமதாபாத்தில் 2010 மே மாதம் 4,462 பேர் இறந்தார்கள். முந்தைய, அடுத்த ஆண்டுகளின் மே மாதங்களை வைத்துப் பார்த்தால் எதிர்பார்க்கக்கூடியது 3,118. மிகை இறப்பு 1,344, அதாவது 43 சதவீதம். இந்தக் கழித்தல் கணக்குதான் 2013-ல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுக்கக் காரணமானது. கணக்கில் தவறு நேரும் இடங்களும் உண்டு: மக்கள்தொகை கூடியதையும் மூப்படைந்ததையும் அடிப்படை எண்ணில் சரிசெய்யாவிட்டால் மிகை பெரிதாகத் தெரியும், தாமதமாகப் பதிவாகும் இறப்புகளுக்குக் காத்திராவிட்டால் சிறிதாகத் தெரியும். எச்சரிக்கை கொடுக்கும் அளவையும் ஊருக்கு ஊர் வகுக்க வேண்டும். பத்தாண்டு தினசரி இறப்பையும் வெப்பத்தையும் வரைபடமாக்கினால் கோடு எங்கே நிமிர்கிறது என்று தெரியும், அதுவே எல்லை. நாடு முழுவதற்கும் ஒரே எண் வைத்தால் குளிர்ப் பிரதேசத்தில் எச்சரிக்கை வரும் முன்பே மக்கள் இறந்திருப்பார்கள். இதற்கெல்லாம் அடிப்படையான இறப்புப் பதிவே உலகில் பத்தில் நான்கு சாவுகளுக்கு இல்லை என்பதுதான் வேதனை.

நேர்மைக்காக இதையும் சொல்ல வேண்டும். 13 நாடுகளின் தரவுகளை வைத்து 2015-ல் வெளியான பெரிய ஆய்வில், வெப்பநிலையால் வந்த சாவுகளில் பெரும்பகுதி குளிரால்தான் வந்தது. அதைக் காட்டி வெப்பத்தைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. குளிர்ச் சாவு இரண்டு மூன்று வாரங்களில் பரவி வரும்; வெப்பச் சாவு அன்றும் அடுத்த இரண்டு மூன்று நாட்களிலும் மொத்தமாக வந்து விழும். மருத்துவமனைப் படுக்கைகளைத் திட்டமிடுபவருக்கு இந்த வேறுபாடு மிகவும் பெரியது.

கொசுக்களுக்கு வருகிறேன். டெங்கு வைரஸ் கொசுவின் வயிற்றில் புகுந்து உமிழ்நீருக்கு வர 25 டிகிரியில் சுமார் 15 நாட்கள் ஆகும். 30 டிகிரியில் சுமார் ஆறரை நாட்கள். கொசுவின் ஆயுளே இரண்டு மூன்று வாரம்தான். குளிர்ந்த ஊரில் வைரஸ் தயாராகும் முன் கொசு செத்துவிடும். சூடான ஊரில் அதே கொசு பலரைக் கடித்துவிடும். ஏடிஸ் எஜிப்தி கொசுவால் டெங்கு பரவுவது 29 டிகிரியை ஒட்டி உச்சம், மலேரியாவுக்கு 25. ஆகவே வெப்பம் கூடக் கூட எல்லா இடத்திலும் எல்லாக் காய்ச்சலும் கூடும் என்பதும் சரியல்ல. மிகச் சூடான சமவெளியில் மலேரியா குறையலாம், மலைப் பகுதிக்கு ஏறலாம். 2024-ல் உலகில் 1 கோடியே 40 லட்சம் டெங்கு பாதிப்புகள் பதிவாயின. அதுவரை இல்லாத எண்ணிக்கை. நகரங்கள் பெருகி, குழாயில் தண்ணீர் வராத நாட்களுக்காகக் குடும்பங்கள் தொட்டியிலும் டிரம்மிலும் பிடித்து வைப்பதும் இதற்கு வெப்பத்தைப் போலவே காரணம். முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாள். அதனால்தான் வாரம் ஒருமுறை நீரைக் கொட்டச் சொல்கிறார்கள். ஆனால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். புகை அடிப்பது பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் அதற்கே பணம் ஒதுக்குவது பெரிய விரயம்.

வெள்ளம் வேறு வழியில் கொல்கிறது. பாகிஸ்தானில் 2021-ல் சுமார் 5 லட்சமாக இருந்த மலேரியா, 2022 பெருவெள்ளத்துக்குப் பிறகு அந்த ஆண்டிலேயே 26 லட்சமாக ஏறியது. வெள்ளத்தோடு வரும் வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைக் கரைசல் இன்றும் இணையற்றது. ஒரு லிட்டர் நீருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. பாக்கெட் கிடைக்காத இடத்தில் 1 லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குடலில் சோடியத்தைக் குளுக்கோஸ்தான் கைபிடித்து உள்ளே கூட்டிப்போகிறது, நீர் அதன் பின்னே போகிறது. சர்க்கரையை அதிகம் போட்டால் நீர் எதிர்த்திசையில் குடலுக்குள் வந்து பேதி கூடும். உப்பை அதிகம் போட்டால் குழந்தைக்கு வலிப்பு வரலாம். கூடவே 6 மாதம் தாண்டிய குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் துத்தநாகம், 10 முதல் 14 நாள். பேதி நின்றதும் துத்தநாகத்தை நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. துத்தநாகம் என்றதும் இன்னொன்று: காற்றில் கார்பன் டை ஆக்சைடு 550 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 550 பங்கு) அளவுக்கு உயர்ந்தால் கோதுமையில் துத்தநாகம் சுமார் 9 சதவீதம் குறையும் என்று வயலில் செய்த சோதனைகள் காட்டின. சோற்றையும் ரொட்டியையும் மட்டுமே நம்பி வாழ்பவர்களுக்கு வயிறு நிறைந்தாலும் சத்து குறையும்.

வசதி வந்தால் வரும் நோய் என்று சர்க்கரை நோயையும் இரத்த அழுத்தத்தையும் சொன்ன காலம் போய்விட்டது. சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் உலகில் 80 கோடிக்கு மேல். 30-லிருந்து 79 வயதுக்குள் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் 2019 கணக்குப்படி சுமார் 128 கோடி. அவர்களில் பாதிப் பேருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது, ஐந்தில் ஒருவருக்குத்தான் கட்டுக்குள் இருக்கிறது. தொற்றா நோய்ச் சாவுகளில் நான்கில் மூன்று பங்கு குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்கிறது. இவர்கள்தான் அடுத்த வெப்ப அலையில், அடுத்த வெள்ளத்தில் முதலில் வீழ்பவர்கள். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ளதை 30-க்குக் கீழே பெரும்பாலும் 28 நாள் வைக்கலாம். மின்சாரம் போன வெப்ப அலையில் அறையே 40. ஈர மணல் நிரப்பிய இரட்டை மண்பானைக்குள் வைப்பது வறண்ட ஊர்களில் கைகொடுக்கும், ஈரக்காற்று உள்ள ஊரில் பானை குளிராது. நேராக ஐஸ் மேல் வைத்து உறைந்துவிட்டால் அந்தக் குப்பியைத் தூக்கி எறிய வேண்டியதுதான், உருகிய பின் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் சரி. வெள்ளப் பகுதிக்கு நிவாரணம் அனுப்புபவர்கள் ஆன்டிபயாடிக்கைப் பெட்டி பெட்டியாக அனுப்புகிறார்கள். அழுத்த மாத்திரையும் இன்சுலினும் அந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பதில்லை.

தங்கள் இதழிடம் எனது வேண்டுகோள் மிகச் சிறியது. வெப்பச் செய்தி வரும் நாட்களில் உச்ச வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையையும் அச்சிடுங்கள். இரவில் உடம்பு ஆறாவிட்டால் மறுநாள் ஆபத்து கூடுகிறது. நாடுகளின் இறப்பு விகிதத்தை ஒப்பிடும்போது வயதுச் சீரமைத்ததா இல்லையா என்று ஒரு வரி போடுங்கள். பேரிடரில் இத்தனை பேர் இறந்தார்கள் என்று எழுதும்போது அவர்களில் 60-ஐக் கடந்தவர்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், தனியாக வசித்தவர்கள் எத்தனை பேர் என்று அதிகாரிகளிடம் கேளுங்கள். முதல் தடவை பதில் வராது. தொடர்ந்து கேட்டால் எண்ணத் தொடங்குவார்கள்.

இங்ஙனம்,
பொது சுகாதாரத் துறையைச் சேர்ந்த வாசகர் ஒருவர்